கேள்வி கேட்கத் தடை, தவறு வந்தால் பிடித்தம்: மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு மெடிக்கல் கோடரின் திறந்த மடல்

மருத்துவமனை நிர்வாக இயக்குநர் அவர்களுக்கும், மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்களுக்கும்,

சென்ற மாதம் மருத்துவப் பதிவேடுகள் பிரிவுக்கு நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையில் மூன்று உத்தரவுகள் இருந்தன. இனி கோடிங் பிரிவிலிருந்து எந்த டாக்டருக்கும் க்வெரி, அதாவது விளக்கம் கேட்கும் குறிப்பு, போகக் கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஃபைனல் டயக்னாசிஸ்' என்று இருக்கும் வரியை மட்டும் பார்த்துக் கோடு, அதாவது நோய்க்குரிய குறியீடு, போட வேண்டும். டி.பி.ஏ. (இன்சூரன்ஸ் கம்பெனிக்காகக் கிளெய்மைப் பரிசீலிக்கும் நிறுவனம்) கிளெய்மைத் திருப்பி அனுப்பினால், கோடு போட்டவரின் சம்பளத்தில் பிடித்தம். தனித்தனியாகப் படித்தால் வேலையைச் சுறுசுறுப்பாக்கும் ஏற்பாடு மாதிரிதான் தெரியும். சேர்த்துப் படித்தால் எங்களுக்குக் கேட்பது இப்படி: கேட்காதே, முழுசாகப் படிக்காதே, தப்பு வந்தால் நீயே கட்டு.

பிரிவுப் பொறுப்பாளர் வழியாக எழுத்தில் விளக்கம் கேட்டோம். பதில் வரவில்லை, பிடித்தம்தான் வந்தது. ஆகவே பொதுவில் எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரை எழுதப் போவதில்லை; யாருக்கு எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும், அது போதும். நோயாளிகளைப் பற்றிச் சொல்லும் இடங்களில் ஊர், வயது, உறவுமுறை எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. திருமங்கலத்துக்காரி, விலங்கியல் பட்டதாரி. சென்னையில் அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டுகளுக்குக் கோடு போடும் கம்பெனியில் சில வருடம் இருந்தேன், கோடர்களுக்கான சி.பி.சி. சான்றிதழ்த் தேர்வு எழுதித் தேறினேன். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போகவே மதுரைக்குத் திரும்பி, சம்பளம் குறைந்தாலும் வீட்டுச் சாப்பாடு என்று உங்களிடம் சேர்ந்தேன். அந்த முடிவில் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தமெல்லாம் இந்தச் சுற்றறிக்கை மேல்தான்.

எங்கள் வேலை என்னவென்று நம் மருத்துவமனையிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. எம்.ஆர்.டி., அதாவது எங்கள் மருத்துவப் பதிவேடுகள் பிரிவு, என்றால் கேஸ் ஷீட் அடுக்கி வைக்கும் அறை என்று நினைக்கிறார்கள். கேஷ்லெஸ் நோயாளி ஒவ்வொருவருக்கும் இன்சூரன்ஸுக்குப் போகும் கிளெய்ம் படிவத்தில் 'பி' பகுதி என்று ஒன்று உண்டு. அதை மருத்துவமனைதான் நிரப்ப வேண்டும். முதன்மை நோய், கூடுதல் நோய், இணைநோய்கள், செய்த அறுவைச் சிகிச்சை என்று ஒவ்வொன்றுக்கும் ஐ.சி.டி.-10 (உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு) குறியீடு கேட்கும் கட்டங்கள் அதில் இருக்கின்றன. அவற்றை நிரப்புவது நாங்கள். எழுதும்போது நாலைந்து எழுத்துதான். ஆனால் அந்த நாலைந்து எழுத்தைப் பார்த்துத்தான், நோயாளியை ஒருநாளும் நேரில் பார்க்காத ஒருவர் எங்கோ உட்கார்ந்து 'தரலாம்', 'தரக் கூடாது' என்று முடிவெடுக்கிறார்.

இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லித் தருவது ஒன்றுதான்: டாக்டர் எழுதாததைக் கோடர் எழுதக் கூடாது. லேப் ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 6 என்று இருக்கும். பார்த்ததும் எனக்குத் தெரியும். ஆனால் டாக்டர் கைப்பட 'அனீமியா' என்று எழுதாதவரை நான் ரத்தசோகைக்குக் கோடு போட முடியாது. சர்க்கரை 340 என்று இருந்தாலும் அப்படித்தான். தெரிந்தாலும் எனக்குத் தெரியாது. நோயைத் தீர்மானிக்கும் அதிகாரம் எனக்கு இல்லை, இருக்கவும் கூடாது. அதனால்தான் கேட்கும் உரிமை இருக்கிறது. க்வெரி என்பது அதுதான். அமெரிக்க சார்ட்டுகளில் இது டாக்டருக்குச் செய்யும் தொந்தரவாக எண்ணப்படுவதில்லை. அங்குள்ள அஹிமா, ஆக்டிஸ் என்ற இரு தொழில்முறைச் சங்கங்கள் க்வெரி எப்படி எழுத வேண்டும் என்று வழிகாட்டியே போட்டிருக்கின்றன. 2022-இல் அதைத் திருத்தியும் வெளியிட்டன. 'செப்சிஸ் என்று எழுதித் தருகிறீர்களா' என்று டாக்டரைக் கேட்கக் கூடாது. எந்தக் கோடு போட்டால் பணம் கூடும் என்று கேள்வியில் கோடி காட்டவும் கூடாது. கேஸ் ஷீட்டில் இருக்கும் சான்றைக் காட்டி, 'இதன் பொருள் என்ன, தெளிவாக எழுதுங்கள்' என்று கேட்க வேண்டும். நானும் என்னோடு இருக்கும் பிள்ளைகளும் இங்கே அனுப்பிவந்த க்வெரி எல்லாம் இந்த முறையில் எழுதியவை. பழைய கோப்புகளில் ஒவ்வொன்றும் பத்திரமாக இருக்கிறது, எடுத்துப் பார்க்கலாம்.

இனி, இந்தத் தடை யார் தலையில் விடிகிறது என்று சொல்கிறேன்.

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார், ஈரல் சுருக்க நோய். ஃபைனல் டயக்னாசிஸ் வரியில் 'சிரோசிஸ் ஆஃப் லிவர்' என்று மட்டும் இருந்தது. சேர்த்த அன்று இரவு டியூட்டி டாக்டர் எழுதிய பக்கத்தில், ஓரமாக, 'அக்கேஷனல் ஆல்கஹாலிக்' என்று மூன்றே மூன்று வார்த்தை... இல்லை, இரண்டே வார்த்தை. எப்போதோ கல்யாண வீட்டில் குடித்ததுண்டா என்று கேட்டிருப்பார்கள், அவரும் உண்மையைச் சொல்லியிருப்பார். ஐ.சி.டி.-10-இல் குடியால் வந்த சிரோசிஸுக்கு கே70.3. மற்ற சிரோசிஸுக்கும் காரணம் குறிப்பிடாததற்கும் கே74.6. குடிப்பழக்கத்துக்கும் அதன் விளைவுகளுக்கும் செய்யும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்பது பெரும்பாலான ஹெல்த் பாலிசிகளில் உள்ள பொது விலக்கு, எண் 12. ஆக, இந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் அந்தக் குடும்பத்தின் ஒரு வருட விளைச்சல் நின்றது. கேஸ் ஷீட்டின் நடுவில் ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் இருந்தது. நான் க்வெரி அனுப்பினேன்: சிரோசிஸுக்குக் காரணம் என்ன? குடல் ஈரல் டாக்டர் ஓ.பி. நடுவிலேயே பதில் எழுதினார்: நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-யால் வந்தது. கே74.6-உடன் பி18.1 சேர்ந்தது, கிளெய்ம் கடந்தது. உங்கள் சுற்றறிக்கை அன்றே அமலில் இருந்திருந்தால் காரணமில்லாத ஒற்றை வரி மட்டும் போயிருக்கும். டி.பி.ஏ. கேஸ் ஷீட் நகலை வாங்கும், அந்த இரண்டு வார்த்தையைக் கண்டுபிடிக்கும், கதை முடிந்தது. பிறகு என் சம்பளத்தில் பிடித்தம்.

இன்னொன்று, முழுக் கேஸ் ஷீட்டையும் படிக்கக் கூடாது என்ற உத்தரவைப் பற்றி. வாடிப்பட்டிப் பக்கம் ஒரு பையன், வயலில் மருந்தடித்துக்கொண்டிருந்தவன், மயங்கி விழுந்து வந்தான். டயக்னாசிஸ் வரியில் 'ஓ.பி.சி. பாய்சனிங்' (ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து நஞ்சு) என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. பூச்சிமருந்து நஞ்சுக்கு டி60.0. அதோடு அது எப்படி உடம்புக்குள் போனது என்பதற்கும் தனிக் கோடு போட வேண்டும்: தவறுதலாக என்றால் எக்ஸ்48, தானாக என்றால் எக்ஸ்68, சொல்ல முடியாது என்றால் ஒய்18. மூன்றுக்கும் நடுவே இருக்கும் தூரம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பல பாலிசிகள் இரண்டாவதற்குப் பணம் தராது. பணத்தைக்கூட விடுங்கள், நாளை பெண் பார்க்கப் போகும் இடத்தில் அந்தப் பையனைப் பற்றி ஊர் என்ன பேசும்? நடந்தது என்னவென்று செவிலியர் குறிப்பில், அந்தச் சிஸ்டர் பொறுமையாக எழுதியிருந்தார்: முகக்கவசம் இல்லாமல், எதிர்காற்றில் தெளித்திருக்கிறான். அந்தப் பக்கத்தைப் படித்ததால் கேட்க முடிந்தது. கேட்டதால் டாக்டரின் ஒரு வரி கிடைத்தது. அந்தப் பக்கத்தைத் திறக்காதே என்று இப்போது சொல்கிறீர்கள்.

மூன்றாவது வகை தினமும் நடப்பது, அதனால் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர், காலில் ஆறாத புண். 'ரெண்டு மூணு வருசமாச் சுகர் இருக்கு' என்று சொன்னதாக நர்ஸ் குறிப்பு. டியூட்டி டாக்டரின் பக்கத்திலோ 'டி.எம். பத்து வருடம்'. கம்ப்யூட்டரில் முந்தைய நோயாளியின் டெம்ப்ளேட்டைத் திறந்து மாற்றியபோது பத்து அப்படியே தங்கிவிட்டது என்பது என் ஊகம். மகன் பாலிசி எடுத்து நாலு வருடம். பத்து வருட நோயை மறைத்துப் பாலிசி எடுத்தார்கள் என்று டி.பி.ஏ. நினைக்க அது போதும். ஏற்கெனவே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலத்தை இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைத்தது. தொடர்ந்து 60 மாதம் பாலிசி கட்டியவரை, மோசடி நிரூபணமானால் தவிர, மறைத்தார் என்று சொல்லித் தள்ளவும் முடியாது. நாலு வருடம் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. 'எங்கம்மாவுக்குப் பத்து வருசமாச் சுகர்னு யாருக்கா சொன்னது?' என்று அந்த மகன் கவுன்ட்டரில் வந்து நின்றான். அந்தக் கேள்வியை அவன் கேட்டிருக்கக் கூடாது, ஐயா. அவனுக்கு முன்னால் நாங்கள் கேட்டிருக்க வேண்டும். சுற்றறிக்கை வந்த வாரம் என்பதால் கேட்க முடியவில்லை.

க்வெரியால் டிஸ்சார்ஜ் தாமதமாகிறது என்பது உங்கள் தரப்பு. தாமதம் உண்மை, ஒத்துக்கொள்கிறேன். காலையில் 'இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்' என்று டாக்டர் சொன்ன நோயாளி, அறையைக் காலி செய்துவிட்டுப் பையும் பிளாஸ்க்குமாக வராந்தாவில் உட்கார்ந்திருப்பதை நாங்கள்தான் அதிகம் பார்க்கிறோம். கடைசி பஸ் போய்விடும் என்று பேரையூர்க்காரர்கள் வந்து கெஞ்சுவதும் எங்களிடம்தான். ஆனால் நேரம் எங்கே போகிறது என்று ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். ரவுண்ட்ஸ் முடிந்து சம்மரி டைப் ஆக மதியம். கையெழுத்துப் போட வேண்டிய கன்சல்டன்ட் அதற்குள் பைபாஸ் ரோட்டில் ஒரு மருத்துவமனைக்கும் கே.கே. நகரில் ஒரு மருத்துவமனைக்கும் போயிருப்பார். அவர் திரும்ப மாலை. டிஸ்சார்ஜுக்கான இறுதி ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும், தாண்டினால் அதனால் கூடும் செலவை இன்சூரன்ஸ் கம்பெனியே ஏற்க வேண்டும் என்று 2024 மே மாதச் சுற்றறிக்கையில் ஆணையம் சொல்லிவிட்டது. அந்த மூன்று மணி நேரம் எப்போது தொடங்குகிறது? நாம் விண்ணப்பத்தை அனுப்பிய பிறகு. நம் கட்டடத்துக்குள் ஓடும் நேரத்துக்குக் கடிகாரமே கிடையாது. அந்தப் பழி எல்லாம் சேர்த்து க்வெரி மேல் விழுந்திருக்கிறது.

இன்னொன்றும் பாருங்கள். நாங்கள் காலையில் கேட்காத கேள்வியை டி.பி.ஏ. சாயங்காலம் கேட்கிறது. நாங்கள் கேட்டால் 'காரணம் என்ன' என்று கேட்போம். அவர்கள் கேட்டால் 'மறைத்தது ஏன்' என்கிற தொனியில் வரும். பதில் சொல்ல வேண்டியவர் அதே டாக்டர்தான். ஆனால் அப்போது அவர் ஆபரேஷன் தியேட்டரில் இருப்பார்.

சில டாக்டர்களுக்கு எங்கள் கேள்விகள் எரிச்சல் தருகின்றன என்பது எனக்குத் தெரியும். பி.எஸ்சி. படித்த பெண் எம்.டி.யிடம் விளக்கம் கேட்பதா என்று ஒருவர் வார்டிலேயே சத்தம் போட்டார். சுற்றறிக்கையின் ஊற்று அங்கேதான் என்று எம்.ஆர்.டி.யில் பேச்சு. அது எப்படியோ போகட்டும். எலும்பு முறிவு டாக்டர் ஒருவர் இருக்கிறார். எந்தக் கால், எப்படி விழுந்தார், இது முதல் சிகிச்சையா மறுசிகிச்சையா என்று தானே எழுதிவிடுவார். அவர் சம்மரிக்கு நாங்கள் க்வெரி அனுப்பிய நினைவே இல்லை. கேள்வியைக் குறைக்க வழி இருக்கிறது என்பதற்கு அவர் ஒருவரே போதும்.

சுற்றறிக்கையில் இல்லாத ஒன்றையும் இங்கே எழுதியாக வேண்டும். பில்லிங் கூட்டத்தில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது: 'அப்ரூவல் வர்ற கோடாப் பாத்துப் போடும்மா.' வயிற்றுப்போக்கு என்று படுத்தவருக்கெல்லாம் ஏ09-உடன் நீரிழப்புக்கான இ86-ஐயும் சேர்க்கச் சொன்னார்கள், அப்போதுதான் அட்மிஷன் தேவைப்பட்டது என்று காட்ட முடியுமாம். டாக்டர் எழுதியிருந்தால் தாராளமாகப் போடுவேன். எழுதாமல் போட மாட்டேன். கேள்வி கேட்கத் தடை, வேண்டிய கோட்டை வைக்கச் சொல்லி வாய்மொழி, பிடிபட்டால் என் பெயர். இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று எவ்வளவு வசதியாகப் பொருந்துகின்றன என்று நீங்களே பாருங்கள்.

இறப்புச் சான்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் இறப்பவருக்கு இறப்புக் காரணத்தைப் படிவம் 4-இல் எழுத வேண்டும். அதில் 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவது நம்மிடம் பழக்கமாகிவிட்டது. இதயமும் மூச்சும் நின்றுதான் எல்லோரும் சாகிறோம். அதை நிறுத்தியது எது என்பதைத்தான் படிவம் கேட்கிறது. 2023 திருத்தச் சட்டப்படி அந்தச் சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும். அப்பாவை இழந்த மகள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு எங்களிடம் வந்து, 'அப்பாவுக்கு என்னதான் ஆச்சு?' என்று கேட்டிருக்கிறார். முன்பு இதற்கும் க்வெரி போட்டோம், டாக்டர்கள் திருத்தினார்கள். இப்போது அதுவும் நின்றுவிட்டது.

சாஃப்ட்வேர் வரப்போகிறது, அதுவே கோடு போடும் என்றும் பேசிக்கொள்கிறார்கள். வரட்டும். அதுவும் எழுதியிருப்பதைத்தான் படிக்கும். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி.-11 இங்கேயும் வரும் நாளில் நிலைமை இன்னும் கடினம். இடது வலது, தீவிரம், காரணம் எல்லாவற்றையும் கூட்டுக் குறிகளாக ஒட்டும் வசதியோடு அது வருகிறது. இப்போதே காரணத்தை எழுதாத சம்மரியிலிருந்து அது எதை எடுத்து ஒட்டும்?

பிடித்தத்துக்கு வருகிறேன். அபராதம் என்று ஊழியரிடம் பிடிக்க வேண்டுமானால் முன்கூட்டி அவரிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும். ஒரு மாதத்தில் அந்த மாதச் சம்பளத்தின் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 1936-ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டம் சொன்னது இது. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் இதையே சொல்கிறது. எங்கள் யாரிடமும் விளக்கம் கேட்கப்படவில்லை. என்னோடு வேலை பார்க்கும், படிப்பு முடிந்து முதல் வேலைக்கு வந்த பெண்ணுக்கு, டாக்டர் எழுதாமல் விட்ட காரணத்துக்காகப் பணம் பிடித்திருக்கிறீர்கள். செல்லூரிலிருந்து சேர் ஆட்டோவில் வந்து போகிற பிள்ளை. எவ்வளவு என்று இங்கே எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. சம்பளப் பட்டியலைப் பாருங்கள்.

நான் கேட்பவை இவை. க்வெரித் தடையை எழுத்துபூர்வமாகத் திரும்பப் பெறுங்கள். அதற்குப் பதிலாக ஒரு பக்கப் படிவம் ஒன்றை டாக்டர்களும் எங்கள் பிரிவும் சேர்ந்து வகுக்க ஒரு கூட்டம் கூட்டுங்கள். கேள்வி எந்த நேரத்துக்குள் போக வேண்டும், பதில் எந்த நேரத்துக்குள் வர வேண்டும், கன்சல்டன்ட் வெளியே இருந்தால் அவரைப் போனில் கேட்டு எழுத யாருக்கு அதிகாரம் என்பதெல்லாம் அதில் முடிவாகட்டும். எங்கள் கேள்வி டிஸ்சார்ஜ் நாளில் போகாமல், நோயாளி படுக்கையில் இருக்கும்போதே போக ஏற்பாடு செய்யுங்கள். இதற்கு நாங்கள் தயார், வார்டுக்கு வந்து கேஸ் ஷீட் பார்க்க அனுமதிதான் வேண்டும். முழுக் கேஸ் ஷீட்டையும் படிக்கும் உரிமையைத் திருப்பித் தாருங்கள்.

நோயின் காரணம், நோயாளி தன் வாயால் சொன்ன கால அளவு, காயம் அல்லது நஞ்சு என்றால் நடந்த விதம் ஆகியவற்றை நிரப்பாமல் சம்மரி அச்சாகாதபடி கம்ப்யூட்டரில் கட்டாயமாக்குங்கள். பழைய நோயாளியின் டெம்ப்ளேட்டைத் திறந்து திருத்தும் வழக்கத்தை நிறுத்துங்கள். படிவம் 4 எங்கள் பிரிவின் சரிபார்ப்பு இல்லாமல் வெளியே போக வேண்டாம்.

பிடித்த பணத்தை அடுத்த சம்பளத்தோடு திருப்பித் தாருங்கள், அந்தப் பெண்ணுக்கு முதலில். வாய்மொழியாகச் சொன்ன 'அப்ரூவல் கோடு' உத்தரவு நிர்வாகத்தின் உத்தரவுதான் என்றால் அதைக் கையெழுத்துடன் தாருங்கள். இல்லையென்றால் இல்லை என்று பில்லிங் பிரிவுக்கு எழுதுங்கள். உசிலம்பட்டி அம்மாவின் கேஸ் ஷீட்டை அந்த டியூட்டி டாக்டரிடமே காட்டி, கால அளவு சரிதானா என்று கேளுங்கள். தவறு என்றால் தேதியிட்ட திருத்தக் குறிப்பை டி.பி.ஏ.வுக்கு மருத்துவமனையே அனுப்பட்டும். மகனை அலைய விட வேண்டாம்.

பதிலை இரண்டு வாரத்துக்குள் எங்கள் பிரிவுக்கு எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
மருத்துவப் பதிவேடுகள் பிரிவின் கோடர் ஒருவர்
மதுரை